பிஸ்கட் டின்னில் இருந்த பாட்டி

நேரலையில் வாய் நீளக் கூடாது. வானொலியில் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. பதினான்கு வருடம் கழித்தும் அதை நான் முழுசாகக் கற்றுக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை நிகழ்ச்சியில் பழைய குரல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பந்திங்கிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். தன் அப்பா பேசிய கேசட் ஒன்று வீட்டில் இருப்பதாகவும், அதைப் போட்டுக் கேட்க ரேடியோ பெட்டிதான் இல்லை என்றும் சொன்னார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். "எங்கிட்ட எங்க பாட்டி பேசின பதிவு ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்குங்க ஐயா. சயாம் ரயில் வேலைக்குப் போன அவங்க அண்ணனைப் பத்திச் சொல்லியிருக்காங்க. ரெண்டு வாரத்துல போடுறேன், கேளுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பதிவை நான் கடைசியாகக் கேட்டது 2008-இல். அது எங்கே இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியும். ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா வீட்டின் மாடியில், அப்பாவின் அலமாரியில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள்.

ஊடகவியல் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டு ஆய்வுக்காகப் பாட்டியைப் பேச வைத்தேன். இன்று ஷா ஆலம் என்று நாம் சொல்லும் இடத்தில் முன்பு சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்தது. பாட்டி பிறந்தது அந்த வட்டாரத்து லயத்தில். 1978 டிசம்பர் 7-இல் ஷா ஆலம் சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்பட்டபோது, தான் பால் வெட்டிய மரங்கள் இருந்த திசையைப் பார்த்து, "இங்கயா?" என்று கேட்டவர் அவர். பதிவு 70 நிமிடம். அப்போது தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அப்பா, இரவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டுக் கேட்டு, சொல்லுக்குச் சொல் கணினியில் தட்டச்சு செய்தார். அதற்கு மூன்று மாதம் ஆனது.

பாட்டி 2010-இல் போய்விட்டார். 2013-இல் அந்தக் கணினி பழுதானபோது, அப்பா திருப்புளியால் அதைத் திறந்து ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றினார். நாளிதழில் சுற்றி டின்னுக்குள் வைத்து, மூடியில் 'பத்திரம்' என்று எழுதி ஒட்டினார். 2019-இல் அப்பாவும் போனார்.

2021 டிசம்பர் 18-ஐ எங்கள் தாமானில் யாரும் மறக்க முடியாது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. அம்மாவும் நானும் இரண்டு இரவுகள் மாடியில் இருந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு கீழே இறங்கினால், என் ஆய்வேடு, அதனுடன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த 15 நிமிடத் தொகுப்பு சிடி, அப்பா அச்செடுத்து வைத்திருந்த தாள்கள், கல்யாண ஆல்பம் எல்லாம் ஒரே சேற்றுக் குழம்பாகக் கிடந்தன. அன்று அழுத அம்மாவிடம், "மேல டின்னுல இருக்கும்மா, எல்லாம் பத்திரமா இருக்கு" என்று சொன்னேன். அதற்குப் பிறகும் நான் டின்னைத் திறக்கவில்லை.

இப்போது திறந்தேன். 80 ஜிபி ஹார்ட் டிஸ்க், செங்கல் மாதிரி கனம். துரு இல்லை. ஆனால் என் மடிக்கணினியில் அதைச் செருக இடமே இல்லை. அது ஐடிஇ காலத்து டிஸ்க். பின்பக்கம் இரண்டு வரிசையில் ஊசிகள், அதற்குத் தட்டையான 40 முனை பட்டை வயர் வேண்டும். கடைகளில் விற்கும் சிறிய சாட்டா இணைப்பான் இதற்குச் சேராது. மேசைக் கணினியின் பெரிய டிஸ்க் என்பதால் 12 வோல்ட் மின்சாரமும் தனியாக வேண்டும். யூஎஸ்பி வயர் தரும் 5 வோல்ட் போதாது.

எங்கள் நிலையத்துச் சாமான் அறையில் பழைய மேசைக் கணினி ஒன்று கிடந்தது. தொழில்நுட்பப் பிரிவு அண்ணன் விடுமுறையில் இருந்தார். நானும் நாலு காணொளி பார்த்தவள்தானே என்ற தைரியத்தில், அதிலிருந்த டிஸ்கைக் கழற்றிவிட்டு எங்கள் வீட்டு டிஸ்கை மாட்டினேன். விண்டோஸ் எக்ஸ்பியின் சின்னம் வந்தது. அம்மாவுக்கு உடனே அழைக்கலாமா என்று நினைக்கும்போதே நீலத் திரை வந்து நின்றது. மறுபடி போட்டேன். மறுபடியும் நீலம்.

டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்தேன். உண்மை அது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஹார்ட் டிஸ்கில் நம் கோப்புகள் மட்டும் இருப்பதில்லை, விண்டோஸும் இருக்கிறது. எக்ஸ்பி காலத்து விண்டோஸ், தான் முதலில் நிறுவப்பட்ட கணினியின் மதர்போர்டுக்கு ஏற்ற இயக்கிகளை வைத்துக்கொண்டுதான் எழுந்திருக்கும். வேறு கணினியில் போட்டால், தான் உட்கார்ந்திருக்கும் டிஸ்கையே அதனால் படிக்க முடியாமல் போகலாம். உடனே நீலத் திரை. கோப்புகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பழைய டிஸ்கை வைத்துக் கணினியை எழுப்பக் கூடாது. எழுந்து ஓடுகிற இன்னொரு கணினியில் அதை இரண்டாவது டிஸ்காக இணைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவதாக மாட்டினேன். ஒரே பட்டை வயரில் இரண்டு டிஸ்க் போட்டால் எது முதலாவது, எது இரண்டாவது என்று பின்பக்கத்து ஊசிகளில் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் துண்டை மாற்றிச் செருகிச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் ஜம்பர். அரிசி அளவுதான் இருக்கும். அதைத் தரையில் தவறவிட்டு, மண்டியிட்டுத் தேடி எடுத்து மாட்டினேன். இந்த முறை கணினி டிஸ்கை அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் விண்டோஸ் எழும் முன்பே திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்த டிஸ்கைப் பரிசோதிக்க வேண்டும், வேண்டாமென்றால் 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்துங்கள் என்றது.

பரிசோதனை நல்லதுதானே என்று நான் எதையும் அழுத்தவில்லை. மணி ஒன்று ஆக மூன்று நிமிடம் இருந்தது. செய்தி வாசிக்க ஓடினேன்.

திரும்பி வந்தபோது திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. சிதைந்த கோப்புப் பதிவு நீக்கப்படுகிறது, சிதைந்த கோப்புப் பதிவு நீக்கப்படுகிறது என்று ஒன்றன்பின் ஒன்றாக. டிஸ்கிலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். பயந்துபோய் மின்சாரத்தைப் பிடுங்கினேன்.

மறுநாள் அந்த டிஸ்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். தெங்கு கிளானா சாலையிலிருந்து கொஞ்சம் தள்ளி, கணினி பழுது பார்க்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "தங்கச்சி, மூச்சு வாங்குற ஆளை ஓட்டப் பந்தயத்துல விட்டிருக்கீங்க" என்றார்.

அவர் விளக்கியது இது. டிஸ்குக்குள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் தட்டுகள் இருக்கின்றன. அதன்மேல் படிக்கும் தலை, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதக்கிறது. பல வருடம் ஓடாமல் கிடந்த டிஸ்குக்கு எத்தனை மணி நேர ஆயுசு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தை நகல் எடுக்க மட்டுமே செலவழிக்க வேண்டும். விண்டோஸின் பரிசோதனைக்கு உங்கள் கோப்பு முக்கியமில்லை, டிஸ்கின் கணக்குப் புத்தகம் நேராக இருந்தால் போதும். கணக்கு உதைத்தால், அந்த வரியையே அடித்துவிட்டுப் போய்விடும்.

"இருந்ததையே அடிச்சிடுச்சாண்ணே?"

"பார்ப்போம். முதல்ல நகல்."

அவர் டிஸ்கை லினக்ஸ் கணினி ஒன்றில் மாட்டி, டிடிரெஸ்கியூ என்ற மென்பொருளை ஓடவிட்டார். அது முதலில் நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை வேகமாக நகலெடுத்துக்கொள்கிறது. கெட்டுப்போன இடங்களைத் தாண்டிப் போய்விட்டு, கடைசியில் திரும்ப வந்து பொறுமையாக முயல்கிறது. இரவு முழுக்க ஓடியது. விடியற்காலையில் சத்தம் அதிகமாகி டிஸ்க் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அது எழவே இல்லை. ஆனால் பெரும்பகுதி நகலுக்கு வந்திருந்தது. இனி என்ன செய்தாலும் நகலில்தான்.

நகலைத் திறந்தால் அடுத்த பூட்டு. அப்பாவின் கோப்புறையைத் தொட்டதும் அனுமதி மறுக்கப்பட்டது என்றது கணினி. அப்பாவின் பெயரில் பழைய விண்டோஸ் போட்டு வைத்த காவல் அது. புதிய கணினிக்கு அப்பா யாரென்று தெரியாது. அண்ணன் அமைப்புக்குள் போய், அந்தக் கோப்புறையின் உரிமையாளர் இடத்தில் என் பெயரைப் போட்டார். ஒரு நிமிட வேலைதான். ஆனாலும் அப்பாவின் பெயர் அழிந்து அங்கே என் பெயர் வந்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

படங்கள் வந்தன. கடிதங்கள் வந்தன. பாட்டியின் ஒலிப்பதிவு இருந்த இடத்தில் எதுவுமில்லை.

சுருக்காத ஒலிக்கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். 70 நிமிடத்துக்கு 700 எம்பி. 2008-இல் என் பென் டிரைவ் 512 எம்பிதான். அதனால்தான் நான் முழுப் பதிவுக்கு நகல் எடுக்கவில்லை. பெரிய பென் டிரைவ் வாங்கியதும் எடுக்கலாம் என்று விட்டது. அதற்குப் பிறகு எத்தனை வாங்கினேன் என்று எனக்கே கணக்கில்லை.

அண்ணன் ஃபோட்டோரெக் என்ற மென்பொருளைப் போட்டுத் தேடினார். கணக்குப் புத்தகத்தில் வரி அழிந்தாலும், ஒலிக்கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் அடையாளத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தொடர்ச்சியாக இருப்பதை எடுக்கும். கோப்பு துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் முதல் துண்டுதான் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது 47 விநாடி.

அதில் இருப்பது என் குரல். 22 வயதுப் பெண்ணின் கீச்சுக் குரலில், வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி தேதி, இடம், பேசுபவர் பெயர். பின்னால் ஒரு சேவல். பிறகு, "பாட்டி, ரெக்கார்ட் ஆகுது, நீங்க பேசுங்க." பாட்டி தொண்டையைச் செருமுகிறார். அதோடு முடிந்தது.

தினமும் அடுத்தவர் குரலைப் பதிந்து, வெட்டி, ஒட்டி, சேமித்துச் சம்பளம் வாங்குகிறேன். என் பாட்டியின் குரலில் என்னிடம் மிஞ்சியது ஒரு செருமல். வெள்ளம் கொண்டுபோகவில்லை, துரு தின்னவில்லை. 10 விநாடி இருந்தும் ஒரு விசையை அழுத்தாமல் போன நான்தான் காரணம்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை. "அப்பா தட்டினது இருக்குமே?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. ஒரு வேர்டு கோப்பு, 31 பக்கம். திறந்தேன். தலையில் புள்ளியும் கோடும் கூரையும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் முப்பத்தொரு பக்கத்துக்கும் நிறைந்திருந்தன. ஒரு தமிழெழுத்துகூட இல்லை. இதுவும் கெட்டுவிட்டதா என்று நினைக்கும்போதுதான், நடுவில் ஓரிடத்தில் 1943 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது. வேறோரிடத்தில் அடைப்புக்குறிக்குள் 2. எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. எழுத்துகள் மட்டும்தான் வேடம் போட்டிருந்தன.

என் வயதுக்காரர்களுக்கு இது மறந்துபோன கதை, தம்பி தங்கைகளுக்குத் தெரியாத கதை. யூனிகோட் பழக்கத்துக்கு வரும் முன்பு, கணினியில் தமிழெழுத்துக்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட தனி இடம் கிடையாது. மொத்தம் 256 கட்டங்கள். முதல் பாதியில் ஆங்கிலமும் எண்களும். மறுபாதியில் ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகள் இருக்கும் கட்டங்களில், அவற்றுக்குப் பதிலாகத் தமிழ் வடிவங்களை வரைந்து எழுத்துரு செய்தார்கள். அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழ் தெரியும். இல்லாத கணினியில் அடியிலிருக்கும் ஐரோப்பிய எழுத்து தலைகாட்டும். யார் எந்தக் கட்டத்தில் 'க' வைப்பது என்பதிலும் ஆளுக்கொரு முறை இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. இணையத்தில் தமிழ் வளர்த்தவர்கள் கூடி அமைத்த திஸ்கி இன்னொரு பக்கம் இருந்தது. 1991-இலேயே யூனிகோட்டில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் பழகிய கை பழைய முறையை விடப் பல வருடம் ஆனது.

அப்பா பழகியது முரசு அஞ்சல். நம் நாட்டுக்காரரான முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு மென்பொருளின் வழிவந்தது. பள்ளிக்கூடத் தேர்வுத்தாள் முதல் கோயில் திருவிழா நோட்டீஸ் வரை அப்பா அதில்தான் அடிப்பார். வேர்டின் எழுத்துருக் கட்டத்தைப் பார்த்தேன். கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் அதன் பெயரை வேர்டு மறக்காமல் காட்டும். இணைமதி என்று இருந்தது, திஸ்கி முறையில் அமைந்தது. அதே பெயரில் யூனிகோட் எழுத்துரு ஒன்று ஆப்பிள் கணினிகளில் இன்றும் இருக்கிறது. அப்பாவின் எழுத்துருவுக்கு என் அலுவலகக் கணினியிலேயே ஓர் உறவு இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

பூட்டின் பெயர் தெரிந்தால் சாவி கிடைக்கும். சுரதா யாழ்வாணன் உருவாக்கிய 'பொங்குதமிழ்' மாற்றியில் முதல் பக்கத்தை ஒட்டி, திஸ்கி என்பதைத் தேர்ந்தெடுத்தேன். சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் மாற்றியும் இதே வேலையைச் செய்யும். இது எழுத்துக்கு எழுத்து மாற்றுகிற வேலை மட்டும் இல்லை. திஸ்கியில் 'கொ' என்று எழுத, நாம் கையால் எழுதுவது போலவே முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். யூனிகோட்டில் முதலில் 'க', அதன் பிறகே 'ஒ' குறி. மாற்றி அந்த வரிசையையும் திருப்பிப் போடுகிறது. ஒரு சொடுக்கு. புள்ளியும் கூரையும் போட்டிருந்த கூட்டம் வேடம் கலைத்துத் தமிழாக வந்து நின்றது. சில எழுத்துகள் சிதறியிருந்தன, ஆனால் படிக்க முடிந்தது.

அம்மாவும் நானும் அன்று இரவு படித்தோம். பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்தது. மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறு சாப்பாடு இல்லாத மாதங்கள். 1943-இல் ஒரு காலை அண்ணனை லாரியில் ஏற்றியது. ஒன்பது வயதுப் பிள்ளையாகப் பாட்டி, அவித்த கிழங்கை இலையில் சுற்றிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடியது. 415 கிலோமீட்டர் நீளத்துக்குச் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட அந்தத் தண்டவாளம் அதே ஆண்டு அக்டோபரில் முடிந்தது. அண்ணன் திரும்பவில்லை. இதெல்லாம் ஓரளவு எனக்குத் தெரியும்.

தெரியாதது, அப்பா அடைப்புக்குறிக்குள் எழுதியவை. (இருமல்.) (பக்கத்து வீட்டு நாய்.) (சிரிப்பு, காரணம் புரியவில்லை.) பாட்டியின் பேச்சை அவர் திருத்தவே இல்லை. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளின் தமிழைத் திருத்திய மனிதர், தன் அம்மா 'கித்தா' என்றால் கித்தா என்றே அடித்திருந்தார். லாரி போன இடத்துக்குக் கீழே இப்படி இருந்தது: (அழுகிறார். மகள் பதிவை நிறுத்தவில்லை. சுமார் 2 நிமிடம்.)

முதல் முறை திறந்தபோது எனக்குத் தெளிவாகத் தெரிந்த அந்த 2 இதுதான்.

உங்கள் வீட்டிலும் ஒரு டின் இருக்கும். இந்த வார இறுதியில் திறந்து பாருங்கள். பழைய டிஸ்கை வைத்துக் கணினியை எழுப்பாதீர்கள், இரண்டாவதாக இணையுங்கள். பரிசோதிக்கவா, சரிசெய்யவா, ஃபார்மட் செய்யவா என்று எது கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். டிக் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். முதலில் நகல், பிறகுதான் மற்றதெல்லாம். படிக்க முடியாத எழுத்து வந்தால் அழித்துவிடாதீர்கள், எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். கிடைத்ததை இரண்டு இடத்திலாவது வையுங்கள், ஒன்று வேறு வீட்டில். எங்கள் தாமான்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை திறந்து, போட்டுக் கேளுங்கள். 'பத்திரம்' என்று எழுதி ஒட்டிய அப்பா மேல் தப்பில்லை. அதை நம்பிப் பத்து வருடத்துக்கு மேல் திறக்காமல் இருந்தவள் நான்.

சொன்ன சனிக்கிழமை வந்தது. நேயர்களிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்பு கேட்டேன். அந்த 47 விநாடியைப் போட்டேன். பாட்டி செருமியதும், அப்பா தட்டியதிலிருந்து நான் படிக்க ஆரம்பித்தேன். பாட்டியின் குரலில் பேசிப் பார்க்கவில்லை, என் குரலிலேயே படித்தேன். லாரி போன இடம் வந்தது. வானொலியில் மௌனம் பெரிய குற்றம். சில விநாடி சத்தம் இல்லையென்றால் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை விளக்கு எரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். ஒலிவாங்கியைத் திறந்தபடியே வைத்து, ஏழு விநாடி பேசாமல் இருந்தேன். அதற்குமேல் எனக்கு அனுமதி இல்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் அம்மா அழைத்தார்.

"அவங்க இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்துவாங்க" என்றார்.